திருத்தமா, வர்த்தமானியா?

கேள்வி: ஒரு மதத்தை அரச மதமாக்க அரசியலமைப்பைத் திருத்திவிட்டால், நம்ம உடப்புத் தீமிதியும் தலவிலத் திருவிழாவும் என்னாகும்?
– வாசகர், கற்பிட்டி

பதில்: 2004இலேயே முயன்று பார்த்தாயிற்று. ஜாதிக ஹெல உறுமயக் கட்சி கொண்டுவந்த 19ஆவது திருத்தச் சட்டமூலம் பௌத்தத்தை அரச மதமாக்கச் சொன்னது. பௌத்தர்கள் பிள்ளைகளையும் பௌத்தராகவே வளர்க்கவேண்டும் என்றது. (ஹோம்வேர்க் செய்யவைக்கவே திண்டாடும் பெற்றோர் தலையில் இது வேறு!) மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். கதை முடிந்தது. 2015இல் 19 என்ற இலக்கத்தோடு நிறைவேறிய திருத்தம், ஜனாதிபதியின் அதிகாரத்தைத்தான் வெட்டியது.

உங்கள் கவலை வேறிடத்தில் இருக்கட்டும். மனதுக்குள் நம்புவதற்கு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை காவல்; அதை மாற்ற மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டும். பூக்குழி இறங்குவதும், தலவில மணலில் அன்னம்மாள் சுரூபத்தின் பின்னே நடப்பதும் 14ஆம் உறுப்புரை. பொது ஒழுங்கு, சுகாதாரம் என்று காரணம் சொல்லிச் சாதாரணச் சட்டமே அதற்கு வேலி போடலாம். புத்தளத்து முஸ்லிம்களைக் கேளுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிக்கவைத்தது திருத்தமல்ல, ஒரு வர்த்தமானி. 2021 பெப்ரவரியில் மீண்டும் அடக்க விட்டதும் இன்னொரு வர்த்தமானிதான். ஆகவே ஐயா, மேடைப் பேச்சை விடுங்கள், வர்த்தமானியை வாசியுங்கள்.