முடிக்காத படத்துல ஏது குத்தம்?

வா மக்கா, இப்பிடித் திண்ணையில இரி. ஒன் டாக்குமெண்டரிப் படம் எதுவரைக்கும் வந்திருக்கு? போன மாசியில மண்டைக்காட்டுக் கொடைக்கு வந்தப்பவும் "முக்காவாசி முடிஞ்சாச்சு பாட்டா"ண்ணு சொன்ன. இண்ணைக்கும் முக்காவாசிதானா? கொள்ளாம்.

நான் சொல்லுகதக் கேட்டா நீ அதை முடிக்கவே வேண்டாம். சிரிக்காத, காரியமாத்தான் சொல்லுகேன். முடிக்காத படத்துல எவனும் ஒரு குத்தம் சொல்ல முடியுமாலே? கேக்கவனெல்லாம் "நல்லா வருகுண்ணு கேள்விப்பட்டேன்"ண்ணு சொல்லுவான். முடிச்சுக் காட்டிப் பாரு, சாயாக்கடையில இருக்கவனெல்லாம் "இதுக்கா எங்கிட்ட ஐநூறு வாங்கினான்"ண்ணு கேப்பான்.

நீ பணம் பிரிச்ச விதம் எனக்குத் தெரியும். நம்ம கோயில் கொடைக்கு வரி பிரிக்கதுதான். நோட்டுக்கும் பேனாவுக்கும் பதிலா ஃபோன். ஆனா கொடையில ஒரு சௌகரியம் உண்டு. நாள் குறிச்சாச்சுண்ணா வில்லுப்பாட்டுக்காரன் வந்தாலும் வராட்டாலும், வரி பாக்கி நிண்ணாலும், அண்ணைக்கு ராத்திரி சாமி ஆடியே தீரணும். ஒனக்கு நாள் குறிச்சது ஆரு? வரி நோட்டு மட்டும் கையில கெடக்கு, கொடையக் காணல்ல.

குஜராத்துல பால் ஊத்துக சம்சாரிய அஞ்சு லெச்சம் பேரு ஆளுக்கு ரெண்டு ரூவா போட்டு, 1976ல ஷியாம் பெனகலு 'மந்தன்' எடுத்தாரு. பத்து லெச்சம். படம் வந்ததும் சனங்க லாரி புடிச்சுப் போயி "நம்ம படம்"ணு பாத்தாவ. ஒனக்கு இந்தக் கதை மனப்பாடம், பணம் கேக்கப் போன எடமெல்லாம் சொல்லியிருப்ப. ஆனா அவியளுக்குப் பின்னால கூட்டுறவுச் சங்கம் நிண்ணுது. பால் வெலையிலயே ரெண்டு ரூவாயக் கொறச்சு எடுத்தாச்சு. ஒனக்குப் பின்னால ஆரு நிக்கா? நான்தான் நிக்கேன், அதுவும் முட்டுவலியோட.

மேக்க கேரளத்துல ஜான் ஆபிரகாம் ஒடேசாண்ணு ஒரு கூட்டம் சேத்து, ஊரூரா சாப்ளின் படம் போட்டுக் காட்டிப் பணம் பிரிச்சு 'அம்ம அறியான்' எடுத்தாரு. கதைப்படந்தான், ஆனா பிரிவு ஒன்னப் போலத்தான். 1986ல முடிச்சாரு. அடுத்த வருசம் ஆளே இல்ல. குடிச்சாரு, அலைஞ்சாரு, கடன்பட்டாரு, அம்பிடும் ஒத்துக்கிடுகேன். ஆனா முடிச்சாரு பாத்தியா?

செரி, பணம் எங்க போச்சு? சொல்லாண்டாம், நானே சொல்லுகேன். கேமராவுக்கு வாடகை, வண்டிக்கு டீசல், கூட வந்த பயலுவளுக்குப் பரோட்டா. எடிட்டிங்குக்கு எம்பிடு வச்ச? ஒலிய ஒழுங்காக்க? நெறத்தைச் சரி பண்ண? இங்கிலீசுல அடியில எழுத? எல்லாத்துக்கும் "பெறகு பாத்துக்கிடலாம்"ண்ணு ஒரு தலைப்பு. பணம் குடுத்தவனுக்கு நன்றிக்கு டீசர்ட்டு அனுப்புனயே, அதுக்குத் தபால் செலவு மட்டும் ரெண்டு நாள் ஷூட்டிங் காசு.

லண்டன்ல இருக்க நம்மூரு டாக்டரு ஒரு தொகை தாறேன்னாராமே. முந்தி ஒரு ஆடிட்டர்ட்ட கேளு. துபாய்க்காரப் பய இந்தியப் பாஸ்போர்ட்டு வச்சிருந்தா அவன் சம்பாத்தியம் நம்ம பணம். அந்த டாக்டரு குடியுரிமை மாத்தியிருந்தா சட்டக் கணக்குல அது வெளிநாட்டுப் பணம். ஒரே ஊரு, ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். பாஸ்போர்ட்டு நெறம் மாறினா ஒறவும் மாறிப்போவும்.

பெறகு அந்தச் சாயாக்கடைப் பேட்டி. அங்க ஒரு தாத்தா அழுது பேசுகாரு, பின்னால ரேடியோவுல சினிமாப் பாட்டு கெடந்து முழங்குகு. பாட்டுக் கம்பெனிக்காரன் விடுவானா? பாட்ட எடுத்தா தாத்தா கொரலும் போவும். சுனாமி அண்ணைக்கு டிவியில வந்த காட்சிய எடுத்து ஒட்டியிருக்க, அவன் செகண்டுக்கு எம்பிடு கேப்பாண்ணு விசாரிச்சியா? இதெல்லாம் முடிக்கப் போறவன் கவலை. ஒனக்கு வேண்டாம். நீ இன்னும் ரெண்டு மாசம் ஷூட்டிங் போ.

போறதுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஒன் சப்ஜெக்ட்டு அப்பிடி, நம்ம கரை மணலு. 1909ல ஷோம்பெர்க்குண்ணு ஒரு ஜெர்மன்காரன், நம்ம பக்கத்துல இருந்து கப்பலேறிப் போன கயித்துல ஒட்டியிருந்த மணலப் பாத்து, கதிர்வீச்சுள்ள மோனசைட்டு அதுல இருக்கதக் கண்டுபுடிச்சான். அண்ணையில இருந்து இந்தக் கரைக்குத் தூக்கம் கெடையாது. இல்மனைட்டு, ரூட்டைலு, சிர்க்கான், கார்னெட்டு எல்லாம் நம்ம காலுக்கடியில. 1950ல அரசாங்கக் கம்பெனி வந்தது. இப்ப மணல் அள்ள கிள்ளியூர் தாலுக்காவுல 1,144 ஹெக்டேர் கேக்காவ. அதையும் சேக்கணும்ணு நீ நிக்க. சேத்து முடிக்கதுக்குள்ள இன்னொண்ணு வரும். மணலு தீந்த பெறகுதான் படம் தீருமா?

இதே மணலப் பத்தி அமுதன் ஆர்.பி. 2010ல படம் எடுத்தாச்சு மக்கா. 'கதிர்வீச்சுக் கதைகள்' வரிசையில முதப் படமே நம்ம மணவாளக்குறிச்சி. அதை முடிச்சு வச்சிட்டு கல்பாக்கம் போனாரு, அதை முடிச்சிட்டு கூடங்குளம் போனாரு. மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டல்ல.

ஒரு காரியத்துல மட்டும் நான் ஒன்ன நையாண்டி பண்ண மாட்டேன். சீக்கு வந்த அந்தப் பிள்ளைய படம் புடிச்சியே, இப்ப அவ மகளுக்குச் சம்மந்தம் பேசுகாவ, "முகம் தெரியாண்டாம்"ண்ணு சொல்லி விட்டிருக்காவ. அவ பேசுனதுதான் ஒன் படத்துக்கே உயிரு, எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துரு. நம்மூருல ஒரே வீட்டுல ஒருத்தனுக்குக் கம்பெனிச் சம்பளம், இன்னொருத்திக்குத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒரு ஃபிரேமுக்காக அந்த வீட்ட ரெண்டாக்காத. சீக்கு எதனாலண்ணு அடிச்சுச் சொல்ல எனக்குப் படிப்பில்ல. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையில வருசக்கணக்கா ஆராய்ஞ்சவிய, இயற்கைக் கதிர்வீச்சால புத்துநோய் கூடினதாக் காணல்லண்ணு 2009ல எழுதியிருக்காவ. அதையும் படத்துல வையி. இங்க சனங்க சொல்லுகதையும் வையி. ரெண்டையும் வச்சிட்டு நீ ஓடி ஒளியாம நில்லு.

அய்யோ, பிரசங்கம் பண்ணிட்டேன். படத்த முடிச்ச ஒரு செட்டியாரு கதை சொல்லுகேன்.

கோட்டையூரு ஏ.கே. செட்டியாரு. 1937 அக்டோபர் 2, நியூயார்க்குல இருந்து டப்ளினுக்குப் போற கப்பல்ல காந்தியப் பத்தி படம் எடுக்கணும்ணு தோணிச்சு. டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்டுண்ணு கம்பெனி தொடங்கி, லெச்சம் மைல் சுத்தி, கண்டம் கண்டமா அலைஞ்சு 50,000 அடி பிலிமு சேத்தாரு. ரெண்டாம் உலகச் சண்டை வேற தொடங்கியாச்சு. ஒன்னப் போல புத்திசாலியா இருந்தா "காந்தி இன்னும் உயிரோடதான் இருக்காரு, கதை முடியல்ல, காத்திருப்போம்"ண்ணு சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் என்ன செய்தாரு? 12,000 அடியாக் கத்திரிச்சு, 1940 ஆகஸ்டு 23ல சென்னையில திரையில போட்டுட்டாரு. கடல் கடந்து கெஞ்சி வாங்கின பிலிமுல 38,000 அடிய வெளிய வச்சாரு மக்கா. நீ ராசாக்கமங்கலத்துல எடுத்த ஒரு சூரிய அஸ்தமனத்த வெட்ட மூணு வாரமா அழுக.

ஆனந்த் பட்வர்தன் 'ஜெய் பீம் காம்ரேட்'டுக்கு பதினாலு வருசம் எடுத்தாரேண்ணு சொல்லுவ. அவரு, ஒரு கேசு கோர்ட்டுல நடக்கதப் பின்தொடர்ந்தாரு. நீ எதப் பின்தொடருக? புதுசா வந்த லென்சையா?

பயமா? அது இருந்தா ஞாயம். திவ்யபாரதி 'கக்கூஸ்' படத்த 2017 பிப்ரவரியில வெளியிட்டா; ஜூலையில, 2009ஆம் வருசத்து மாணவர் போராட்டக் கேசத் தூசி தட்டி அவளைக் கைது பண்ணினாவ. அடுத்த வருசம் அந்தப் பிள்ள நம்ம கரைக்கு வந்து ஒக்கிப் புயல்ல போனவியளப் பத்தி 'ஒருத்தரும் வரேல' எடுத்தா. கைதான பெறகு எடுத்தாண்ணு சொல்லுகேன், கேட்டியா?

செரி, ரசவடை ஆறிப்போவும், தின்னு. நாளைக்கு எடிட்டர் பயலை இங்க கூட்டிட்டு வா. மச்சில பாயி போட்டுத் தாறேன், கரண்டு உண்டு, மூணு நேரமும் சோறு உண்டு. ஹார்டு டிஸ்க்கு ரெண்டையும் கொண்டா. ஒண்ணு ஒன் அம்மைட்ட இருக்கட்டும். எடுத்ததுல என் பேட்டி மூணு எடத்துல வருகுண்ணு சொன்ன, ரெண்ட வெட்டிரு. மூணாவதுல வேட்டி நல்ல வெளுப்பா இருக்கு, அதை வேணும்ணா வச்சுக்க.

கேமராவ மட்டும் இங்க குடுத்துட்டுப் போ. அரங்குல வச்சுப் பூட்டுகேன். சாவி பாட்டிகிட்ட. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவகிட்ட அந்தச் சாவிய நானே வாங்கினதில்ல.