போயிட்டு வா பேராண்டி, டப்பா எங்கயும் ஓடிராது

ஏலே பேராண்டி, காட்டுக்குள்ள எவனோ ஒளிச்சு வச்ச டப்பாவைத் தேடிப் போறியாம்லா? நல்ல காரியம். வீட்டுக்குள்ள உங்கம்மா ஒளிக்காமலே வச்ச காலுறையைத் தேட உனக்கு இதுவரைக்கும் துப்பு கிடையாது. இப்ப வானத்துல சுத்துற செயற்கைக்கோளே வந்து வழி காட்டுதுன்னா போகத்தான வேணும்.

இந்த ஜியோகேச்சிங் பொறந்த கதையை உங்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2000-ஆம் வருசம் மே மாசம் அமெரிக்காக்காரன் ஜிபிஎஸ் சிக்னல்ல தானே வேணும்னு போட்டு வச்சிருந்த குளறுபடியை எடுத்துட்டான். எடுத்து ரெண்டு நாள் ஆகல, அங்க ஓரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்னு ஒருத்தர் காட்டுல ஒரு வாளியைப் புதைச்சு, இடத்தோட எண்ணை ஊருக்கெல்லாம் சொல்லிட்டார். உள்ள பேரெழுத ஒரு நோட்டு, இன்னும் சில்லறைச் சாமான், ஒரு பீன்ஸ் டப்பா. அவரு வச்சார். இப்பத் திங்கிற சாமான் எதையும் வைக்கக் கூடாதாம், விலங்கு மோப்பம் பிடிச்சு வந்து கடிச்சுப் போட்டுருமாம். அவ்வளவு தூரம் மேடேறி இறங்கினாக் கோயில்லயாவது சுண்டல் குடுப்பாங்க. உனக்கு அதுவும் இல்ல, கையெழுத்து மட்டும்தான். அதுக்காவது மறக்காம ஒரு பேனா கொண்டு போ.

போகிற இடம் நம்ம சிட்னிக்குப் பக்கத்து ப்ளூ மவுண்டன்ஸ், நிலத்தோட கரடுமுரடுக்கு அஞ்சுக்கு நாலரை நட்சத்திரம், பாதையே கிடையாதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுத. சரி. போன்ல அம்புக்குறி 'இன்னும் 400 மீட்டர்'னு காட்டும். அது காக்காய்க்குச் சொல்லுற கணக்கு. உனக்குச் சிறகு முளைச்சதா உங்கம்மா சொல்லல. அங்க பேருதான் மலை, உள்ளபடிக்கு ஆறுக அறுத்துப் போட்ட மணற்பாறை மேடு. மேல நின்னாத் தட்டையாத் தெரியும், பத்து எட்டு தள்ளிப் போனாச் செங்குத்தாப் பள்ளம். 1813-ல ப்ளாக்ஸ்லாண்ட், லாசன், வென்ட்வொர்த் மூணு பேரும் அதைத் தாண்டினது மேட்டு முதுகைப் பிடிச்சே போனதாலதான். (அந்த மண்ணுக்காரங்க அதுக்கு முன்னாடியே காலங்காலமாப் போய் வந்துட்டு இருந்தாங்க. அவங்க கணக்கை யாரு எழுதினா?) அதனால காகித வரைபடத்தை விரிச்சு, உயரக் கோடுக எங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்குன்னு பாரு. அங்கதான் பாறைச் சுவரு. அம்புக்குறி கூசாம அது வழியாத்தான் உன்னைக் கூப்பிடும். இறங்கின இடத்துல திரும்ப ஏற முடியுமான்னு பாத்துட்டு இறங்கு. காலு முன்னால போயிட்டா அப்புறம் புத்தி வந்து பிரயோசனம் இல்ல.

மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் நடப்பேன்னு கணக்குப் போட்டியாம்லா? அது ஷாப்பிங் மால் நடை. புதருக்குள்ள மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நீ சூரன். நம்மூர்ல ஆனிக் காத்தடிக்கிற நேரத்துல இங்க குளிர்காலம், சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிரும். நடுப்பகலுக்குள்ள டப்பா கிடைக்கலைன்னா அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிரு. தலையில மாட்டுற டார்ச்சு, கம்பளிச் சட்டை, மூணு லிட்டர் தண்ணி எல்லாம் பையில இருக்கட்டும். அந்த அரைக்கால் டவுசர் போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும், ஹேக்கியா முள்ளு போட்டோவெல்லாம் பாக்காது. முழுக்கால் சட்டையும் தோல் கையுறையும் போட்டுக்கோ. புதுப் பூட்ஸை இப்பமே வீட்டுக்குள்ள போட்டு நட. அது கடிக்கிறதை இங்கயே கடிச்சு முடிக்கட்டும். குளிருக்குப் பாம்பு பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். ஆனாலும் அழுத்திச் சுத்துற கட்டுத்துணி ரெண்டு எடுத்துக்கோ.

பள்ளத்துல போனுக்குச் சிக்னல் கிடையாது. அவசரத்துக்குச் செயற்கைக்கோளுக்கே ஆளை அனுப்பச் சொல்லுற கருவி ஒண்ணு இருக்கு, பிஎல்பி. காசில்லாம இரவல் குடுக்காங்க, வாங்கிக்கோ. காசில்லாததை வாங்க உனக்கு நான் சொல்லித் தரவா வேணும்!

நாலு பேராப் போகணும்னு இந்த ஊரு நடைக்காரங்களே சொல்லுதாங்க. ஒருத்தனுக்குக் கால் பிசகினா, ஒருத்தன் கூட இருக்கலாம், ரெண்டு பேரு போய் ஆள் கூட்டிட்டு வரலாம். நீயோ 'நானும் ஒரு ஃபிரெண்டும்'ங்க. அந்த ஃபிரெண்டு யாருன்னு நான் கேக்கல. பால்கனித் துளசிக்கே தண்ணி ஊத்தாதவனுக்குத் திடீர்னு காட்டு மேல ஆசை வந்தா, காரணம் மரம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கோ, உனக்குக் கசக்கத்தான் செய்யும். பார்க்குக்காரங்களோட பயணப் படிவத்துல எந்த வழி, எப்பத் திரும்புவ, கூட வாறது யாருன்னு எல்லாம் ஒளிக்காம எழுது. நேரத்துக்கு நீ வரலைன்னாப் போலீசுக்குச் சொல்ல வேண்டிய ஆளா என் பேரைப் போடு. மூணு சைபர் அமுக்க எனக்குத் தெரியும். நகலை ஃபிரிட்ஜுல ஒட்டிராத, உங்கம்மா வாசிச்சிருவா. எங்கிட்டக் குடு, ஏழு மணி வரைக்கும் பிரிக்க மாட்டேன்.

கூலி பெருசா ஒண்ணும் வேண்டாம். திரும்பி வாற வழியில பெண்டில் ஹில் கடையில கால் கிலோ காராச்சேவு வாங்கிட்டு வா. எனக்கு உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னதை நீ ஞாபகப்படுத்தாத, கூட வாற பிள்ளை பேரை நானும் ஞாபகம் வச்சிக்கல.