காற்றின் மேல் பழி

எங்கள் குடும்பத்தில் படகுப் பந்தயத்தில் தோற்றவர் யாரும் கிடையாது. காற்று திரும்பியிருக்கிறது, செத்திருக்கிறது, சதி செய்திருக்கிறது. நாங்கள் தோற்றதில்லை.

தாத்தாவுக்குச் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்கள் அவர் மேஜையிலிருந்தே தெரியுமாம். அங்கே யார் படகிலாவது ஆள் குறைந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். படகு சாயும்போது எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, முதுகு தண்ணீரைத் தொடுமளவுக்கு வெளியே சரிய வேண்டும். கனம்தான் தகுதி, அது அவருக்கு இருந்தது. ஆனாலும் படகு கவிழ்ந்தது. ஏன் என்று கேட்டால் 1881-இலிருந்து ஆரம்பிப்பார். "அந்த வருஷப் புயல்ல அலைதடுப்புச் சுவர் இடிஞ்சுதா? அப்புறம் கிழக்கு வாசலை மூடிட்டு வடகிழக்குல வச்சாங்களா? அது வழியா வந்த காத்துதான் கவுத்துடுச்சு." தாம் பிறப்பதற்கு முன்பே அடித்து ஓய்ந்த புயலில் கவிழ்ந்தவர் என் தாத்தா.

அப்பாவுக்குக் கன்டெய்னர் வாய்த்தது. இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-இல் இங்கேதான் வந்தது. "முதல்ல போயிட்டிருந்தேன். அடுக்கி வச்ச பெட்டி காத்தை மறைச்சுடுச்சு" என்பார். "மத்தவங்களுக்கு மறைக்கலியா?" என்று அம்மா மட்டும் கேட்பாள். காற்றை ஸ்டார்போர்டில், அதாவது வலப்பக்கம், வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கி வருவது வழிவிட வேண்டும் என்பது பந்தய விதி. அப்பா ராஜாஜி சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது கன்டெய்னர் லாரியிடமும் இதை எதிர்பார்ப்பார். "ஸ்டார்போர்ட்!" என்று அவர் போடும் கூச்சலுக்கு இதுவரை எந்த லாரியும் ஒதுங்கியதில்லை.

பாய்மரப் படகு காற்றுக்கு எதிரே நேராகப் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். அப்பாவும் அப்படித்தான். கேஸுக்குப் பணம் கட்டியாயிற்றா என்று கேட்டால், பேச்சு காசிமேடு வரை போய்த்தான் திரும்பும்.

இப்போது என் மகளின் முறை. அவளுடையது ஆப்டிமிஸ்ட், 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய், 15 வயது வரைதான் பந்தயம். பாய் வைத்த குளியல் தொட்டி மாதிரி இருக்கும். இந்த விளையாட்டில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை. ஒரு முறை பேத்தி 38 வாங்கியிருக்கிறாள் என்று போனில் கேட்ட என் மாமியார், விவரம் சொல்வதற்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு பந்தயத்தில் நிஜமாகவே முதலில் வந்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தோல்விக்குத்தானே வசனம் பாடம்?

"காத்து நல்லா ஒத்துழைச்சுதோ?" என்றார் அப்பா, சந்தேகமாக.

"காத்து எல்லாருக்கும்தான் அடிச்சுது தாத்தா. ஓட்டினது நான்" என்றாள் மகள், தலையைத் துவட்டிக்கொண்டே.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஓட்டுற கை எங்க வீட்டுக் கை" என்றாள்.

அம்மாவின் பிறந்த வீடு நாமக்கல். அங்கே அத்தனை பேரும் லாரி டிரைவர்கள்.