கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்...

கேள்வி: தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். நாலாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடுகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள், உடனே நில்லுங்கள். உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, பிடிப்பு விடும்வரை வைத்திருங்கள். பிறகு மெல்ல நீவிவிட்டு நடங்கள். களைத்த தசையை 'சுருங்கு, சுருங்கு' என்று நரம்பு விடாமல் விரட்டுவதால்தான் பெரும்பாலும் பிடிப்பு வருகிறது. நீட்டினால் அந்த விரட்டல் அடங்கும்.

வராமலிருக்க, தொடக்க வேகத்தைக் குறையுங்கள். தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வியர்வை கொட்டும் நாளில் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓடாத நாளிலும் அடிக்கடி பிடித்தாலோ, ஓடியபின் சிறுநீர் கருத்துப் போனாலோ மருத்துவரிடம் ஓடுங்கள். மற்ற ஓட்டத்தை நாளைக்குத் தள்ளலாம். இந்த ஓட்டத்தைத் தள்ளக்கூடாது!