அருவியில் தள்ளியும் சாகாதவர்

சம்பளம் ஏறுகிறது, பேர் கிடைக்கிறது, ஆனால் ‘வேலையில ஒரு சவாலே இல்ல சார்’ என்று அலுத்துக்கொள்பவர்களின் குலகுரு ஆர்தர் கோனன் டாயில். அவர் எழுதிய துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வரத் தொடங்கியது 1891 ஜூலையில். நவம்பரிலேயே, ஹோம்ஸைத் தீர்த்துக்கட்டப் போவதாக அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். சரித்திர நாவல்தான் தன் நிஜமான வேலை என்ற நினைப்பு. அம்மா விடவில்லை. சரி, பத்திரிகைக்காரர்களாவது பயந்து ஓடட்டும் என்று அடுத்த 12 கதைகளுக்கு 1000 பவுண்டு கேட்டார். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். (நாம் இப்படிக் கேட்டால் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று வரும், அதுவும் மின்னஞ்சலில்.)

1893-இல் ஒருவழியாக ஹோம்ஸை சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் தள்ளினார். வாசகர்கள் கொதித்தார்கள், பலர் சந்தாவையே நிறுத்தினார்கள். டாயில் நிம்மதியாகச் சரித்திரம் எழுதினார். பத்து வருஷம் போனது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பெரும் தொகையை நீட்டியது. உடனே, ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை, ஜப்பானிய மல்யுத்தம் தெரிந்திருந்ததால் தப்பித்துவிட்டார் என்பது தெரியவந்தது. அதன்பின் 1927 வரை அதே ஹோம்ஸ், அதே பேக்கர் தெரு வீடு, அதே அலுப்பு. விலை மட்டும் வேறு.