வலிக்கும் ஆங்கிலம்: கேள்வி-பதில்

கேள்வி: ‘ஹெடேக்’ என்னும் சொல்லின் பின்பாதியான ‘ஏக்’கில் ‘ஸி-ஹெச்’ எழுத்துகள் இருந்தும் சகரம் ஒலிக்காமல் ககரம் ஒலிப்பது ஏன்?

பதில்: இச்சொல்லின் எழுத்தும் ஒலியும் பாகப்பிரிவினையில் வெவ்வேறு வாரிசுகளிடமிருந்து வந்து சேர்ந்தவை. பழைய ஆங்கிலத்தில் வலித்தலைக் குறித்த வினை ‘அகன்’ எனக் ககரத்துடனும், வலியைக் குறித்த பெயர்ச்சொல் சகர ஒலியுடனும் வழங்கின. ‘ஸ்பீக்’ என்னும் வினைக்கு ‘ஸ்பீச்’ என்னும் பெயர் அமைந்ததைப் போல, உடம்பு ‘ஏக்’ செய்தது, அதனால் உண்டானது ‘ஏச்’ எனப்பட்டது. ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தின் பெயரும் ஏறக்குறைய இதே ஒலியுடையது என்பதால், ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸ் என்னும் பாத்திரம் எழுத்தையும் வலியையும் ஒன்றாக்கிச் சிலேடை பேசுகிறாள். இன்றைய ஒலிப்பில் அச்சிலேடை உரையாசிரியரின் துணையின்றி விளங்குவதில்லை.

பின்னர் வினையின் ஒலிப்பே பெயருக்கும் பரவியது. ஒலிக்கேற்ப ‘ஏ-கே-ஈ’ என்று எழுதும் வழக்கமும் இருந்தது; அது நிலைத்திருந்தால் இக்கேள்வியே எழுந்திராது. ஆனால் 1755-இல் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், துயரத்தைக் குறிக்கும் ‘அகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே இதன் மூலம் எனத் தவறாகக் கருதினார். கிரேக்கக் குலப்பெருமை கிடைத்த பிறகு கிரேக்க முறை எழுத்தே நிலைபெற்றது. உறவே இல்லாத வீட்டின் குலப்பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் இச்சொல்லைத் தவறாக எழுதும் மாணவர்கள், அகராதி ஆசிரியரை நொந்துகொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

கேள்வி: பழைய ஒலிப்பை மீட்க எவரும் முயலவில்லையா?

பதில்: முயன்றவர் அடிபட்டார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடையில் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தின் பிராஸ்பெரோவாக நடித்த ஜான் கெம்பிள், ஒரு வரியின் யாப்பு இச்சொல்லின் பன்மையில் ஈரசை வேண்டுவதால், அதனைச் சகர ஒலியுடன் ‘எய்ச்சஸ்’ என உச்சரித்தார். இலக்கணமும் யாப்பும் அவர் பக்கம் இருந்தன, அரங்கம் இல்லை. அவ்வரி வரும்போதெல்லாம் பார்வையாளர் கூச்சலிட்டனர், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை அவருக்கு உடல்நலம் குன்றியபோது அப்பாத்திரமேற்ற குக் என்னும் நடிகர், எந்த உச்சரிப்பைத் தேர்வார் என்று எல்லாரும் காத்திருக்க, அவ்வரியையே சொல்லாமல் தாண்டிவிட்டார் என்பர். மொழியியல் சிக்கல்களுக்கு இதனினும் நடைமுறைக்கு உகந்த தீர்வு அரிது.

கேள்வி: தலை, பல், காது, வயிறு, முதுகு ஆகியவற்றுடன் ‘ஏக்’ சேர்கிறது, கால் மட்டும் என்ன பாவம் செய்தது?

பதில்: பெயர்ச்சொல்லாக ஒட்டிக்கொள்ளும் உரிமையை வழக்கு ஒரு சில உறுப்புகளுக்கே அளித்துள்ளது, வினையாக வரும்போது அக்கட்டுப்பாடு இல்லையாதலால் காலும் தோளும் தாராளமாக ‘ஏக்’ செய்யலாம். இதயத்துடன் சேரும்போது எச்சரிக்கை தேவை: ‘ஹார்டேக்’ என்பது மனத்துயரையே குறிக்குமாதலால், நெஞ்சுவலியோடு சென்று அச்சொல்லைக் கூறுபவரிடம் மருத்துவர் காதல் விவகாரத்தைப் பற்றி விசாரிக்க நேரலாம். ‘பெல்லியேக்’ வினையானால் ஓயாமல் குறைகூறுதல் என்று பொருள்படும்.

கேள்வி: ‘ஏக்’, ‘பெயின்’, ‘ஸ்மார்ட்’ மூன்றும் ஒன்றா?

பதில்: மங்கலாக, விடாமல் நீடிக்கும் வலியே ‘ஏக்’, ஊசி குத்தியதும் சுரீரென்று தெரிவது அவ்வகையன்று. ‘பெயின்’ எல்லா வலிக்கும் பொது. தண்டனையைக் குறித்த ‘போயினா’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தமையால் கால்பந்தாட்டத்தின் ‘பெனால்டி’ அதற்கு நெருங்கிய உறவு. இதனைக் கோல்காப்பாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஸ்மார்ட்’ முதலில் எரிச்சலோடு குத்தும் வலியையே குறித்தது. கூர்மை என்னும் பண்பு வலியிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து அறிவுக்கும் ஏறி, இறுதியில் கைப்பேசிக்கும் அப்பெயர் வாய்த்தது.

மருத்துவமும் இவ்வேறுபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில், நோயாளி தம் வலிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து சொல்வதற்காக 78 சொற்கள் 20 குழுக்களாக, ஒவ்வொரு குழுவிலும் கடுமை ஏறும் வரிசையில், அமைக்கப்பட்டுள்ளன. ‘ஏக்கிங்’ மங்கல் வலிகளின் குழுவிலும், ‘ஸ்மார்ட்டிங்’ கூச்சமும் அரிப்பும் சேர்ந்த குழுவிலும் இடம்பெறுகின்றன. தண்டிப்பது போன்ற வலிக்கும் ஒரு சொல் உண்டு என்பதால், லத்தீன்காரரின் பழைய பொருள் மருத்துவமனைக்குள் மீண்டும் நுழைந்துவிட்டது எனலாம்.

கேள்வி: ‘மை லெக் இஸ் பெயினிங்’ என்பது பிழையா?

பதில்: ‘கால் வலிக்கிறது’ என்னும் அமைப்பைப் பின்பற்றி இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய தொடர் இது. பிரிட்டிஷ் வழக்கில் ‘பெயின்’ வினையாக வரும்போது பெரும்பாலும் மனத்தை வருத்துதலையே குறிக்கும். உடம்புக்கு ‘ஹர்ட்ஸ்’ அல்லது ‘ஏக்ஸ்’ என்பதே அங்கு இயல்பு. எனவே சென்னை மருத்துவரிடம் தயங்காமல் ‘பெயினிங்’ என்று சொல்லலாம், அவர் மருந்து எழுதித் தருவார். ஆங்கிலத் தேர்வுத்தாளில் மட்டும் ‘ஹர்ட்ஸ்’ என்று எழுதுவது மதிப்பெண்ணுக்கு நல்லது.