புரொட்டஸ்டன்ட் கூடை, கத்தோலிக்கப் பந்து

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் அரையிறுதி அங்கே சனிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூர் சாங்கியில் அது ஞாயிறு காலை, சரியாகப் பூசைக்குக் கிளம்பும் நேரம். சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்கிறவர் போனில் ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் ஆண்டவர் பெரிசுபடுத்த மாட்டார் என்று நினைக்கிறேன். சில வருடங்களில் ஆடுவதே அவருடைய ஆட்கள்தான்.

இதில் வேடிக்கை, இந்த ஆட்டம் கத்தோலிக்கர்களின் சொத்தே இல்லை. 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், புரொட்டஸ்டன்ட்களின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. வெளியே பனி, உள்ளே பதினெட்டு அடங்காத மாணவர்கள். முந்தைய ஆசிரியர்கள் அந்த வகுப்பே வேண்டாமென்று கும்பிடு போட்டுவிட்டார்கள். இறையியல் படித்த ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர் தலையில் அதைக் கட்டினார்கள். அவர் பதின்மூன்று விதிகளை எழுதி, இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்தில் ஆணியடித்து மாட்டி, கால்பந்து ஒன்றைக் கையில் கொடுத்தார். கூடையின் அடியை வெட்டிவிடலாம் என்று அங்கே எந்த மேதைக்கும் தோன்றவில்லை. கோல் விழுந்தால் ஒருவர் ஏணியில் ஏறிப் பந்தை எடுக்க வேண்டும். முதல் ஆட்டம் 1–0 என்று முடிந்ததால் ஏணிக்கு அன்று அதிக வேலை இல்லை.

பையன்களைக் கெட்ட வழிக்குப் போகாமல் காப்பதுதான் நோக்கம். ஒய்.எம்.சி.ஏ. இதைப் பைபிளோடு சேர்த்துக் கப்பலேற்றி உலகமெல்லாம் அனுப்பியது. மெட்ராஸில் 1920இல் ஹாரி க்ரோ பக் உடற்கல்விக் கல்லூரியே தொடங்கிவிட்டார். ஆட்டத்தைப் பரப்பியவர்கள் அவர்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கத்தோலிக்கர்கள்.

காரணம் பக்தி இல்லை, பர்ஸ். அமெரிக்கன் ஃபுட்பால் அணி என்றால் பட்டாளம் போல ஆள் வேண்டும், கவசம் வேண்டும், ஸ்டேடியம் வேண்டும். நோத்ர தாம் பல்கலைக்கழகம் மாதிரி ஓரிரு இடங்களுக்குத்தான் அது கட்டுப்படியானது. நகரத்துச் சந்துக்குள் இருந்த சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு உயரமான ஐந்து பையன்களும் ஒரு வளையமும் போதும். பங்குக் கோயில் மண்டபங்களிலேயே ஐரிஷ், இத்தாலியப் பிள்ளைகள் ஆடிப் பழகியிருந்தார்கள். 1930இல் சிகாகோ துணை ஆயர் பெர்னார்ட் ஷீல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பு தொடங்கியபோது, ஞானோபதேசத்தோடு குத்துச்சண்டையும் கூடைப்பந்தும் சொல்லிக்கொடுத்தார். எதற்குக் கூட்டம் அதிகம் என்று கேட்க வேண்டியதில்லை.

1947இல் தேசியக் கோப்பையை வென்றது ஹோலி கிராஸ். சேசு சபைக் கல்லூரி, அதுவும் நைஸ்மித் கூடை மாட்டிய அதே மாசச்சூசெட்ஸில். வளாகத்தில் உருப்படியான ஆடுகளம் கிடையாது, பயிற்சி ஒரு தானியக் கொட்டகையில். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் ஆட்களுக்கு அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

1954இல் பிலடெல்பியாவின் லா சால் ஜெயித்தது. பிராஸ் பசாவில் 1852இல் செயின்ட் ஜோசப்ஸைத் தொடங்கி, பிறகு கத்தோங்கில் செயின்ட் பேட்ரிக்ஸையும் நடத்திய அதே லா சால் பிரதர்மார்களின் சபைதான். நம்மூரில் பிரம்புக்குப் பேர்போனவர்கள், அங்கே கோப்பைக்கு. அடுத்த வருடமும் அவர்கள் இறுதிக்கு வந்தார்கள். எதிரே சேசு சபையின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். இரண்டு பக்கமும் செபமாலை. மேலே இருப்பவருக்குத் தர்மசங்கடம். 77–63 என்று சேசு சபை பக்கம் சாய்ந்தார். சான் பிரான்சிஸ்கோவுக்கும் சொந்த அரங்கம் இல்லை, வீடில்லாத அணி என்றே பெயர். ஆனால் அவர்களிடம் பில் ரசல் இருந்தார். கூடைக்குக் கீழே அவர் நின்றால் மற்றவர்களுக்கு வேலையில்லை. தொடர்ந்து 60 ஆட்டங்கள் அந்தக் கல்லூரி தோற்கவில்லை. விதி எழுதுகிறவர்கள் வெறுத்துப்போய், கூடைக்கு முன்னால் இருக்கும் பகுதியை 6 அடியிலிருந்து 12 அடிக்கு அகலப்படுத்திவிட்டார்கள். ஒரு மனிதரைத் தள்ளி நிற்க வைக்கத் தரையையே மாற்றி வரைந்தார்கள்! 1956இல் ரசல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் நம் சிங்கப்பூர் அணியும் ஆடியது; பதின்மூன்றாம் இடம். சிரிக்காதீர்கள், அதற்குப் பிறகு கூடைப்பந்துக்கென்று நாம் ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

1963இல் சிகாகோ லயோலா. முதல் ஐவரில் நான்கு பேர் கறுப்பர்கள், அந்தக் காலத்தில் பலரும் துணியாத காரியம். அவர்களோடு மோதவேண்டிய மிசிசிப்பி ஸ்டேட் அணிக்கு, கறுப்பர் இருக்கும் அணியோடு ஆடக் கூடாது என்று ஓர் எழுதாத சட்டம். போகவிடாமல் தடுக்கக் கோர்ட் ஆணையும் வந்தது. ஆணை கைக்கு வருமுன் கோச் மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். பையன்களும் கல்யாணத்துக்கு முந்தின இரவு ஓடிப்போகிற காதலர்களைப் போல விமானம் பிடித்தார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து 61–51 என்று தோற்றார்கள். தோற்பதற்காக ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் என்ற வகையில் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. லயோலா கோப்பையையும் வென்றது.

பெண்கள் கதைதான் இன்னும் ருசி. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இம்மாக்குலாட்டா என்று கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னக் கல்லூரி. உடற்பயிற்சிக் கூடம் எரிந்துபோயிருந்தது. கோச் கேத்தி ரஷ்ஷுக்கு வருடச் சம்பளம் 450 டாலர். 1972இல் முதல் தேசியப் போட்டிக்குப் போகப் பணம் எட்டுப் பேருக்குத்தான் தேறியது, அதுவும் இடம் காலியிருந்தால் ஏற்றிக்கொள்ளும் விமான டிக்கெட்டில். கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு ஆடி, கோப்பையோடு திரும்பினார்கள். 1973, 1974இலும் அவர்களே. ஒரு பெண்ணின் அப்பா ஹார்ட்வேர் கடைக்காரர். அவர் கொடுத்த தகர வாளிகளைச் சிஸ்டர்மார் கட்டையால் அடித்த அடியில் எதிரணிக்குக் காது அடைத்தது. மௌன தியானத்தில் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த சத்தம் போலிருக்கிறது.

1985இல் கடைசி நான்கு அணிகளில் மூன்று கத்தோலிக்கம். இறுதிப் போட்டி ஏப்ரல் 1, புனித வாரத்துத் திங்கட்கிழமை. தவம் செய்யவேண்டிய நாளில் சேசு சபையின் ஜார்ஜ்டவுனும் அகுஸ்தினார் சபையின் வில்லனோவாவும் அடித்துக்கொண்டன. முந்தைய சாம்பியன் ஜார்ஜ்டவுன்; வில்லனோவாவை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போது இத்தனை வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி கிடையாது. வில்லனோவா பந்தை அலுங்காமல் கைமாற்றி, வாய்ப்பு கனிந்தபோது மட்டும் எறிந்தது. 28 எறிகளில் 22 கூடைக்குள். இரண்டாம் பாதியில் தவறியது ஒன்றே ஒன்று. 66–64. அடுத்த பருவத்திலேயே கடிகாரம் வந்துவிட்டது. அகுஸ்தினார் சபைக்காரர்கள் ஒழுங்கைக் கலைப்பது புதிதா என்ன? மார்ட்டின் லூதரே அந்தச் சபைத் துறவிதான்.

2018இல் சிகாகோ லயோலா மறுபடி அரையிறுதிக்கு வந்தபோது, அணியின் ஆன்ம குரு சிஸ்டர் ஜீனுக்கு வயது 98. சக்கர நாற்காலியிலிருந்து செபம் சொல்லும்போதே எதிரணியில் யாரை மடக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வார். அந்த வருடம் அவரே எழுதிவைத்த கணிப்பில் லயோலா கடைசிப் பதினாறிலேயே வெளியேறும் என்று இருந்தது. செபம் வேறு, கணக்கு வேறு என்று தெரிந்த அம்மாள். அந்த வருடக் கோப்பை வில்லனோவாவுக்குப் போனது.

அந்த வில்லனோவாவில் 1977இல் கணிதத்தில் பட்டம் வாங்கிய ராபர்ட் பிரீவோஸ்ட்தான் 2025 மே 8ஆம் தேதி பதினான்காம் லியோ என்ற பெயரில் போப் ஆனார். சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வசந்தத்தில் தேசியப் போட்டியில் வில்லனோவாவுக்கு இடமே கிடைக்கவில்லை. மார்ச் மாதமே கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிபாரிசு இரண்டு மாதம் தாமதம்.